நெட்டி முறித்தால் வளைவு நிமிருமா?

எனக்கு 14 வயதில், சட்டைக்கு அளவெடுத்தவர் "வலது தோள் ஏன் தூக்கலா இருக்கு?" என்று கேட்டார். ஸ்கோலியோசிஸ் என்ற வார்த்தையே அதற்கப்புறம்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதோடு கொஞ்சம் திருகியும் கொள்ளும், அதனால்தான் குனிந்தால் ஒரு பக்க விலா மேடாகத் தெரியும். எக்ஸ்ரேயில் வளைவின் கோணம் 10 டிகிரிக்கு மேல் இருந்தால் அந்தப் பெயர் வைக்கிறார்கள். எனக்கு 28. வளர்ச்சி நின்ற பிறகு 30 டிகிரிக்குக் கீழே உள்ள வளைவு பெரும்பாலும் மேலும் கூடாது என்று டாக்டர் சொன்னதை நம்பி நிம்மதியாக இருந்தேன், வயது முப்பதைத் தாண்டியதும் வலி ஆரம்பித்தது.

முதலில் போனது கைரோபிராக்டிக்கிற்குத்தான் (முதுகு, கழுத்து மூட்டுகளைக் கையால் சட்டென்று அழுத்திச் சொடக்கு எடுக்கும் சிகிச்சை), ஏனென்றால் பிசியோதெரபி என்றால் வீட்டுப்பாடம் உண்டு, இங்கே படுத்தால் போதும். "டக்" என்று ஒரு சத்தம், எழுந்து நடந்தால் முதுகு இறகு மாதிரி. பொய் சொல்ல மாட்டேன், அந்தச் சுகம் உண்மையானது. மூன்றாவது நாள் வலி பழைய இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும், அதுவும் உண்மை. அந்தச் சத்தத்தில் எலும்பு ஒன்றும் இடம் மாறி உட்காருவதில்லை, விரலில் நெட்டி முறிக்கும்போது வருவது போல மூட்டுத் திரவத்தில் உள்ள வாயுவின் வேலைதான் அது.

என்னை உறுத்தியது வேறு. சில மாதம் கழித்து அங்கே இன்னொரு எக்ஸ்ரே எடுத்து, "பாருங்க, 4 டிகிரி குறைஞ்சிருக்கு" என்று காட்டி, அடுத்த 24 தடவைக்கும் சேர்த்து முன்பணம் கேட்டார்கள். அந்தக் கோணத்தை அளப்பதிலேயே 5 டிகிரி வரை முன்னே பின்னே ஆகும் என்று பிறகுதான் படித்தேன். அந்த 4 டிகிரியை வைத்து ஒன்றுமே சொல்ல முடியாது! சாதாரண இடுப்பு வலிக்கு இந்த மாதிரிக் கைவைத்தியம் ஓரளவு உதவும் என்பதற்கு ஆய்வுகள் இருக்கின்றன. வளைவை நிமிர்த்தும் என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை. வலி வேறு, வளைவு வேறு, இதைக் குழப்பி விற்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

பிசியோதெரபிக்கு வேண்டாவெறுப்பாகத்தான் போனேன். ஷ்ராத் முறை தெரிந்தவர் கிடைத்தார். காத்தரினா ஷ்ராத் என்ற ஜெர்மன் பெண்மணி, தனக்கே முதுகு வளைந்திருந்ததால், 1920களில் உருவாக்கிய பயிற்சி இது. உள்வாங்கிய பக்கத்துக்குள் மூச்சைச் செலுத்தி, திருகலுக்கு எதிராக உடம்பைப் பிடித்து நிறுத்த வேண்டும். முதல் நாள் கண்ணாடி முன்னால் நிற்கச் சொன்னார். கண்ணை மூடி நேராக நின்றேன், திறந்து பார்த்தால் சாய்ந்திருக்கிறேன். அவர் திருத்தி நிறுத்தியபோது கீழே விழப்போகிறேன் என்றே தோன்றியது, கண்ணாடியில் ஆள் நேராக இருந்தார்! இத்தனை வருடமாக என் மூளை கோணலைத்தான் நேர் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது, இதை யார் வந்து சொடக்கு எடுத்தாலும் மாற்ற முடியாது.

ஆனால் சலிப்பு இருக்கிறதே, அது தனி ரகம். முதல் ஆறு வாரம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. பிறகு, உட்கார்ந்து வேலை செய்யும் நேரம் ஒரு மணியிலிருந்து மூன்று மணியானது. கோணம் இன்றும் ஏறக்குறைய அதேதான், அது குறையும் என்று அவரும் சொல்லவில்லை. ஒரு வாரம் பயிற்சியை விட்டால் வலி எட்டிப் பார்க்கும்.

முதுகில் கம்பி வைத்து அறுவை செய்தவர்களும் எலும்பு பலவீனமாகி எளிதில் முறியும் ஆஸ்டியோபோரோசிஸ் உள்ளவர்களும் சொடக்கு எடுக்கப் போகவே வேண்டாம். கால் மரத்தாலோ பலம் குறைந்தாலோ முதலில் டாக்டர். சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ தொடையிடுக்கு மரத்தாலோ உடனே அவசர சிகிச்சை, அப்போது பிசியோவுக்குக்கூடக் காத்திருக்காதீர்கள். கழுத்தைத் திருகுவதில் அரிதாக ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்திருக்கிறது, என் கழுத்தை நான் யாரிடமும் கொடுப்பதில்லை.

போன மாதம் இடுப்பு பிடித்துக்கொண்டபோது, வேறு ஒரு கைரோபிராக்டரிடம் ஒரே ஒரு தடவை போனேன், கழுத்து வேண்டாம், முன்பணம் கிடையாது என்று சொல்லிவிட்டுத்தான் படுத்தேன். சிரித்துக்கொண்டே சரி என்றார். வலி கொஞ்சம் விட்டது. மறுநாள் காலை மறுபடி கண்ணாடி முன்னால், இடது விலாவுக்குள் மூச்சு.