இரண்டு அளவுச் செருப்பு

அம்மம்மாவுக்குச் செருப்பு வாங்கப் போனால் இரண்டு சோடி வாங்கவேணும். வலக்காலுக்கு 5ஆம் இலக்கம், இடக்காலுக்கு 9ஆம் இலக்கம். மிஞ்சுகிற ஒற்றைச் செருப்புகளை எறிய விடமாட்டா. "ஆருக்காவது உதவும்" என்று பழைய பேப்பரில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே வைப்பா. போன மாதம் கொழும்பு வெள்ளவத்தை வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சாமான்களை ஒதுக்கியபோது ஏழு ஒற்றைகள் அகப்பட்டன. எல்லாம் புதுசு. அவ போய்ப் பதினாறு வருடம் ஆகிறது.

அம்மம்மாவுக்கு யானைக்கால். சிங்களத்தில் பரவா என்பார்கள். வீட்டில் நாங்கள் அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை, "கால் வருத்தம்" என்றுதான் சொல்லுவோம். சின்ன வயதிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான். அதே வீட்டில், அதே நுளம்புக் கடியில் வாழ்ந்த கொழும்பு அம்மம்மாவுக்கு ஏன் ஒன்றும் வரவில்லை?

கொழும்பு அம்மம்மா என்று நாங்கள் கூப்பிட்டது அம்மப்பாவின் தங்கையை. பிறந்து வளர்ந்தது எல்லாம் வெள்ளவத்தையில். அம்மம்மாவோ யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருந்து 1956இல் கலியாணம் முடித்து வந்தவ. அப்போது வீட்டுக்குப் பின்னால் திறந்த கான் ஒன்று கறுப்பாக ஓடியதாம். யானைக்கால் புழுவைக் கொண்டுவரும் கியூலெக்ஸ் நுளம்புக்கு அப்படிப்பட்ட அழுக்குத் தண்ணி போதும். கானும் மலசலகூடக் குழியும் தேங்காய் மட்டை ஊறப்போடும் கிடங்கும்தான் அதன் தொட்டில். டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும், இது இரவில் நாம் நித்திரையான பிறகு வரும்.

வீட்டில் இருந்த நுளம்பு வலை ஒன்றே ஒன்று. அதைப் பிள்ளைகளுக்குக் கட்டிவிட்டு, வீட்டுக்கு வந்த மருமகள் பின்விறாந்தையில் பாய் போட்டுப் படுத்திருக்கிறா. இதை அம்மா சாதாரணமாகத்தான் சொன்னா. எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. ஏனென்றால் இந்தப் புழு மனித உடம்புக்குள் வந்து பெருகி எண்ணிக்கை கூடுகிற சாதி இல்லை. முதிர்ந்த பெண்புழு இலட்சக்கணக்கில் குஞ்சு போடும்தான். ஆனால் அந்தக் குஞ்சுகள் ஒரு நுளம்பின் வயிற்றுக்குள் போய் வளர்ந்து வெளியே வந்தால்தான் திரும்பவும் மனிதனுக்குள் நுழைந்து புழுவாக முடியும். ஆகவே உள்ளே எத்தனை புழு என்பது எத்தனை தரம் கடி வாங்கினோம் என்பதைப் பொறுத்தது. ஒரு கடி இரண்டு கடியில் வருகிற நோய் இல்லை இது. மாதக்கணக்காக, வருடக்கணக்காகக் கடிபட வேணும். பின்விறாந்தையில் படுத்தவ கடிபட்டிருக்கிறா.

1960களில் ஒரு நாள் இரவு, பத்து மணிக்குப் பிறகு, இரத்தம் எடுக்க ஆட்கள் வந்தார்களாம். 1947இல் தொடங்கிய யானைக்கால் தடுப்பு இயக்கத்தின் வேலை அது. குஞ்சுப் புழுக்கள் பகல் முழுக்க நுரையீரல் பக்கம் ஒதுங்கியிருந்து, நுளம்பு கடிக்கும் நேரம் பார்த்து நடுச்சாமத்தில்தான் தோலுக்கு அருகிலுள்ள இரத்தத்துக்கு வருகின்றன. அதனால்தான் அந்த நேரத்தில் வருவார்கள். எல்லாருடைய விரலிலும் குத்தினார்கள். கொழும்பு அம்மம்மாவின் இரத்தத்தில் புழு இருந்தது. அம்மம்மாவின் இரத்தத்தில் இல்லை. கால் வீங்கத் தொடங்கியிருந்ததோ அம்மம்மாவுக்கு!

இதை அம்மா சொன்னபோது நான் நம்பவில்லை. பிறகு வாசித்தபோது இந்த நோயின் வழமையே அதுதான் என்று தெரிந்தது. இரத்தத்தில் புழுக்குஞ்சு நிறைய உள்ள பலர் வெளிப்பார்வைக்குச் சுகமாக இருப்பார்கள் (உள்ளே, புழு குடியிருக்கும், உடம்பில் கசியும் நீரை வடித்துச் செல்லும் நிணநீர்க் குழாய்களும் சிறுநீரகமும் பழுதாகிக்கொண்டிருக்கலாம், அது வேறு). கால் பெருத்துப் போனவர்களின் இரத்தத்தில் பெரும்பாலும் ஒன்றும் அகப்படாது. நோய் உள்ள ஊரில், நோய் உள்ள தாயின் வயிற்றில் பிறந்தவரின் உடம்பு புழுவை ஓரளவு பொறுத்துக்கொள்ளப் பழகிவிடுகிறது. வெளியூரிலிருந்து வந்தவரின் உடம்பு அதை மூர்க்கமாக எதிர்க்கிறது. அந்த எதிர்ப்பில் குழாய்கள் வெந்து போகின்றன. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளுக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கானோருக்குச் சில மாதங்களிலேயே கையும் காலும் விதையும் வீங்கின. ஆனால் அவர்களின் இரத்தத்தில் குஞ்சுப் புழு மிக அரிதாகவே தென்பட்டது. தீவைவிட்டுப் போனதும் பெரும்பாலானோர் தேறிவிட்டார்கள்.

இலங்கையில் நோய் நிலவியதாகக் கணக்கெடுத்தது மேல், தென், வடமேல் மாகாணங்களை. வடக்கு அதில் இல்லை. கோண்டாவில் பெட்டைக்கு இந்தப் புழு புதிசு. ஒரு வீட்டுக் கதையை வைத்து மருத்துவம் பேசக்கூடாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் இரண்டு அம்மம்மாக்களையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்திப் பார்த்தால் இந்த விளக்கம்தான் மனதில் நிற்கிறது.

ஆனால் இவ்வளவும் கால் ஏன் வீங்கத் தொடங்கியது என்பதற்குத்தான். 9ஆம் இலக்கச் செருப்பு வரை ஏன் போனது என்பது வேறு கதை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவை எழுத இருந்தேன்.

1983 ஆடிக் கலவரத்தில் வீடு போனது. முகாமில் சில கிழமை, பிறகு கப்பலில் காங்கேசன்துறை. அதோடு அம்மம்மா கொழும்பு நுளம்பை விட்டு விலகிவிட்டா. முதிர்ந்த புழுவின் ஆயுள் ஆறு முதல் எட்டு வருடம். அப்படியானால் 1991, 92 அளவில் அவவின் காலில் உயிரோடு ஒரு புழுவும் இருந்திருக்காது. கால் உண்மையில் மோசமாகப் பெருத்தது எப்போது? 1995 ஐப்பசிக்குப் பிறகு. யாழ்ப்பாணத்தின் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்த அந்த இரவில் மழை. அம்மம்மா வெறுங்காலோடு சேற்றுக்குள் நடந்தவ. செருப்பு அந்தக் காலுக்குக் கொள்ளாது. அடுத்த ஆறு மாதத்தில் நாலு தரம் குளிர் காய்ச்சல். ஒவ்வொரு காய்ச்சலுக்குப் பிறகும் கால் கொஞ்சம் பெருக்கும். வீக்கம் வற்றும், ஆனால் பழைய அளவுக்குத் திரும்பாது.

புழு செத்த பிறகும் கால் வளர்ந்திருக்கிறது. வளர்த்தது பக்டீரியா. பழுதான குழாயில் நிணநீர் தேங்கி நிற்கிறது. தேங்கிய இடத்தில் உடம்பின் காவல் குறைவு. கால்விரல் இடுக்கில் ஒரு சின்ன வெடிப்பு, சேற்றுப்புண், நகம் வெட்டின காயம், எதுவும் போதும். கிருமி உள்ளே போய்க் காய்ச்சல் வரும், காய்ச்சல் மிச்சமிருக்கும் குழாயையும் கெடுக்கும். தோல் தடித்து மடிப்பு விழும், மடிப்புக்குள் ஈரம் நிற்கும், ஈரத்தில் அடுத்த கிருமி குடியேறும். யானைக்கால் யானைக்கால் ஆவது இந்தச் சுற்றில்தான். பிரேசிலின் ரெசிஃபே நகரில் ஜெருசா டிரையர் என்ற மருத்துவர் நோயாளிகளைப் பல வருடம் பார்த்து இதைத் தெளிவாகச் சொன்னார். புழு சாகும்போது வரும் வீக்கம் அரைப்பக்கம் தொடங்கிக் கயிறுபோலக் கீழே இறங்கும், பக்டீரியாக் காய்ச்சல் பாதத்தில் தொடங்கி மேலே ஏறும் என்று பிரித்துக் காட்டியவரும் அவர்.

அம்மாவிடம் கேட்டேன். "முதல் காய்ச்சல், 61இலை, அரையிலை நெறி கட்டித் துடையிலை கயிறு மாதிரி இருந்தது" என்றா. "பிறகு வந்ததெல்லாம் விரலிலை இருந்துதான் பிள்ளை தொடங்கினது."

நாங்கள் செய்தது என்ன தெரியுமா? காலில் தண்ணி படவிடவில்லை. தண்ணி பட்டால் வீக்கம் கூடும் என்று யாரோ சொல்ல, துணியால் இறுக்கச் சுற்றி வைத்தோம். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினோம், சுடு ஒத்தடம் கொடுத்தோம். ஒரு வைத்தியரும் நிமிர்ந்து பார்க்காமல், "இது இப்பிடித்தான், மாறாது" என்று அனுப்பிவிட்டார். மாறாது என்பது பாதி உண்மை. கூடாமல் நிறுத்தலாம் என்ற மற்றப் பாதியை அவர் சொல்லவே இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

திரும்பக் கொழும்புக்கு வந்த பிறகு, 2003இல் ஒரு கிளினிக் தாதிதான் எனக்குக் காட்டித் தந்தவ. 2002 முதல் 2006 வரை வருடத்துக்கு ஒரு முறை டி.ஈ.சி., அல்பெண்டசோல் என்ற புழு மாத்திரைகளை நோய் நிலவிய மாகாணங்களில் எல்லாருக்கும் கொடுத்த காலம் அது. (எங்கள் ஒழுங்கையில் பாதிப் பேர் "எங்களுக்கு வருத்தம் இல்லையே" என்று குடிக்கவில்லை. இல்லாதவர்களும் குடித்தால்தான் நுளம்புக்குப் புழு கிடைக்காமல் போகும்.) அந்த மாத்திரை அம்மம்மாவின் காலை வற்றவைக்காது என்று அந்தத் தாதி நேரே சொன்னா. சொல்லிவிட்டு ஒரு வாளி தண்ணி கேட்டா.

சுடுதண்ணி கூடாது, பச்சைத் தண்ணி. சாதாரண சவர்க்காரம். ஒவ்வொரு விரல் இடுக்கும், ஒவ்வொரு மடிப்பும், தேய்க்காமல் மெதுவாக. பிறகு துவாயால் ஒற்றி ஒற்றி, ஈரம் துளியும் இல்லாமல். கடைசிக் கால்விரல் இடுக்குக்குள் கைவிரல் நுழையாது, மெல்லிய சீலைத்துண்டைத் திரியாக்கி விடவேணும். வெள்ளையாக ஊறின இடத்தில் பங்கசு மருந்து. இருக்கும்போது கால் ஸ்டூலுக்கு மேலே, கணுக்காலை மடக்கி நீட்ட வேணும். இவ்வளவுதான். காலையும் இரவும் இருபது நிமிடம்.

மாதம் தவறாமல் வந்த காய்ச்சல் முதல் வருடத்தில் மூன்று தரமாகக் குறைந்தது. கடைசி இரண்டு வருடம் ஒன்றும் இல்லை. கால் சின்னக் கால் ஆகவில்லை, ஆனால் நாற்றம் போனது. நாற்றம் போனதும் அம்மம்மா கோயிலுக்குப் போகத் தொடங்கினா. பன்னிரண்டு வருடமாகப் போகாமல் இருந்தவ.

2016இல், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் யானைக்கால் இலங்கையில் இல்லாதொழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. பெரிய சாதனைதான், நானும் மகிழ்ந்தேன். ஆனாலும் ஏற்கனவே வீங்கிய கால்கள் அறிவிப்போடு மறைவதில்லை. கண்காணிப்பும் நிற்கவில்லை.

செருப்புகளைக் கண்டெடுத்த அதே கிழமை, எங்கள் ஒழுங்கை முனைத் தேத்தண்ணிக் கடைப் பெடியன் வலக்கால் சப்பாத்தின் லேஸைக் கட்டாமல் நிற்பதைக் கண்டேன். ஊர் மலைநாட்டில் ஹட்டன் பக்கம், ஆறு வருடமாகக் கொழும்பில், கடைக்குப் பின்னால் கானோரம் படுக்கை. கணுக்காலில் விரலால் அமத்தினால் குழி விழுந்தது. அது எதுவாகவும் இருக்கலாம், நான் வைத்தியர் இல்லை. விரல் இடுக்கைப் பார்த்தேன், வெள்ளையாக ஊறியிருந்தது. துடைக்கும் விதத்தைக் காட்டினேன். இரத்தமும் சோதிக்கச் சொன்னேன், இரவில்தான் எடுப்பார்கள் என்று.

"ராவு பத்து மணிக்கா அக்கா? கடைய யாரு பாக்குறது?"

நான் பார்க்கிறேன் என்றேன். வெள்ளிக்கிழமை போகிறான்.