துப்பாக்கிக்குப் பெட்டகம் வாங்கியபோது நான் பார்த்தவை

அப்பாவிடமிருந்து முறைப்படி என் உரிமத்துக்கு மாறிய இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றும், சுடும் பயிற்சிக்காக நான் வாங்கிய பாயிண்ட் 22 ரைஃபிள் ஒன்றும் வீட்டில் இருக்கின்றன. இரண்டுக்கும் சேர்த்து ஒரு பெட்டகம் தேட ஆரம்பித்ததும் என் மனைவி கேட்டது ஒரே கேள்வி: "யார் கையில கிடைக்கக் கூடாதுன்னு பூட்டப் போறீங்க? திருடனா, நம்ம பையனா?"

அந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தியது. திருடன் எப்போதாவது வரலாம், வராமலும் போகலாம். பையன் தினமும் வீட்டில் இருக்கிறான், அவனுடைய நண்பர்களும் வந்து போகிறார்கள். அதனால் பூட்டு முதலில், இரும்பு இரண்டாவது, தீ மூன்றாவது என்று முடிவு செய்துகொண்டேன். விற்பவர்கள் பேசுவது பெரும்பாலும் இதற்கு நேர் எதிரான வரிசையில்தான்.

பூட்டில் முதலில் என்னைக் கவர்ந்தது கைரேகை. விரலை வைத்தால் திறந்துவிடும் என்பது வசதிதான். ஆனால் ஈரக் கையும் எண்ணெய்க் கையும் பல கருவிகளுக்கு ஒத்துவராது. அதைவிடப் பெரிய விஷயம், 2023 அக்டோபரில் அமெரிக்காவில் சுமார் 61,000 கைரேகைப் பெட்டகங்கள் திரும்பப் பெறப்பட்டன. உரிமையாளரின் ரேகை சரியாகப் பதிவாகாதபோது, யார் விரலை வைத்தாலும் அவை திறந்துகொண்டன. வாங்கியவர்களோ தங்கள் ரேகை பதிவாகிவிட்டதாகவே நம்பியிருக்கிறார்கள். இதைப் படித்த பிறகு எனக்குக் கைரேகை வேண்டாம் என்று ஆகிவிட்டது. உங்களிடம் அப்படி ஒன்று இருந்தால், பதிவு செய்யாத விரலையும், வீட்டில் வேறொருவர் விரலையும் வைத்துப் பாருங்கள்.

சாவிப் பூட்டு எளிது, ஆனால் சாவியை எங்கே வைப்பது? அலமாரி மேல்தட்டு, அரிசி டப்பா, புடவை மடிப்பு என்று நாம் ஒளிக்கும் இடமெல்லாம் பிள்ளைகளுக்கு அத்துப்படி. கடைசியில் எண் அழுத்தும் பூட்டையே எடுத்தேன், பேட்டரியை வெளிப்பக்கமிருந்து மாற்றும்படியான ரகம். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தொழிற்சாலை எண்ணை மாற்றினேன். பிறந்தநாள், வண்டி எண் எதுவும் கிடையாது. அவசரச் சாவி என்று ஒன்று கூடவே வரும், அதை வீட்டில் வைத்தால் எண் பூட்டு வாங்கியதற்கே அர்த்தமில்லை. என்னுடையது வங்கி லாக்கரில் இருக்கிறது.

அடுத்தது இரும்பு. தகட்டின் தடிமனை கேஜ் என்ற எண்ணால் சொல்வார்கள். அந்த எண் குறையக் குறையத் தகடு தடிமனாகும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 14 கேஜ் ஏறக்குறைய 1.9 மில்லிமீட்டர், 12 கேஜ் 2.7, 10 கேஜ் 3.4. கதவு நான்கு விரல் அகலத்துக்குத் தெரிகிறதே என்று ஏமாற வேண்டாம். பெரும்பாலும் மடித்த தகடு, உள்ளே ஜிப்சம் பலகை, அவ்வளவுதான். உண்மையான தடிமனைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பெட்டகத்தின் அடியில் தரையோடு போல்ட் போடத் துளை இருக்கும். டார்ச் அடித்து அதன் விளிம்பைப் பார்த்தால் தகடு அப்படியே தெரியும். கனமான கதவோடு கம்பீரமாக நின்ற ஒரு பெட்டகத்தின் உடம்பு உண்மையில் எவ்வளவு மெல்லியது என்று அந்தத் துளையில்தான் பார்த்தேன். சான்றிதழில் யூஎல் ஆர்எஸ்சி முதல் நிலை (யூஎல் என்ற அமெரிக்கச் சோதனை நிறுவனம் வீட்டுப் பெட்டகங்களுக்குத் தரும் தரம்) என்று இருந்தால், ஒருவர் கைக்கருவிகளோடு ஐந்து நிமிடம் முயன்றும் திறக்க முடியவில்லை என்று பொருள். ஐரோப்பாவில் ஈஎன் 14450 என்ற தர அளவுகோலைப் பார்ப்பார்கள்.

எவ்வளவு நல்ல பெட்டகமானாலும் தரையோடு இறுக்காவிட்டால் பிரயோசனமில்லை. சாய்த்துப் படுக்க வைத்துவிட்டால் கடப்பாரைக்கு வேலை சுலபம், சிறியது என்றால் தூக்கிக்கொண்டே போய்விடுவார்கள். அறையின் மூலையில், இரண்டு சுவர் ஒட்டி, கான்கிரீட்டில் போல்ட் போட்டு நிறுத்தினேன். கடப்பாரையைச் செருகி நெம்ப அங்கே இடமே கிடையாது.

தீ விஷயத்தில் ஒன்று மட்டும் சொல்கிறேன். ஜிப்சம் பலகையின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நீர். சூடேறும்போது அது ஆவியாகி உள்ளே வெப்பம் ஏறுவதைத் தாமதப்படுத்துகிறது. ஆனால் தீப்பிடித்து அணைந்த பிறகு அந்த ஆவியே துப்பாக்கியைத் துருப் பிடிக்கவைக்கும், உடனே திறந்து துடைக்க வேண்டும். சாதாரண நாளிலும் ஈரம்தான் எதிரி. ஈரப்பதமானி ஒன்றும் சிலிக்கா ஜெல்லும் உள்ளே வைத்து, ஐம்பது சதவீதத்தை ஒட்டி வைத்திருக்கிறேன். தோல் உறையும் பஞ்சுப் பெட்டியும் ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பதால் உறையைக் கழற்றித்தான் வைக்கிறேன்.

தோட்டாக்கள் வேறு பெட்டியில், வேறு பூட்டில். உள்ளே வைக்கும் முன் குழலை மடித்துக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டு, காலி என்று உறுதி செய்வேன். ரைஃபிளுக்குக் கூடுதலாகக் கேபிள் பூட்டு, அதாவது தோட்டா போகும் வழியில் கம்பி வடத்தை நுழைத்துப் பூட்டுவது.

உரிமம் என் பெயரில் மட்டும் இருப்பதால் எண்ணும் எனக்கு மட்டுமே தெரியும். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்? எண்ணையும் இரண்டு துப்பாக்கிகளின் வரிசை எண்களையும் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, எங்கள் வழக்கறிஞரிடம் கொடுத்துவிட்டேன். அவர் யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது உறையின் மேலேயே எழுதியிருக்கிறது.