மொட்டைமாடியில் கிடந்த வரி இறகு

போன சித்திரையில் ஒருநாள் காலை, வடகம் பிழிவதற்காக மொட்டைமாடியைக் கூட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஓர் இறகு கிடந்தது. கரும்பழுப்பு நிறம், குறுக்கே வெள்ளை வெள்ளையாகப் பட்டைகள். காக்கை, புறா, மைனா தவிர எங்கள் தெருவுக்கு வேறு என்ன வந்துவிடப் போகிறது என்றிருந்தவனுக்கு அது புதையல் மாதிரி.

வல்லூறுதான் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன். வரி இருந்தால் வேட்டைப் பறவை என்று ஒரு நினைப்பு. பறவை பார்க்கும் நண்பர் ஒருவருக்குப் பெருமையாகப் படம் அனுப்பினேன். “பக்கத்துல ஸ்கேல் வெச்சு மறுபடி எடுங்க. பின்பக்கமும் வேணும். தொட்டா கையைக் கழுவிடுங்க” என்று பதில் வந்தது. பறவையின் பெயரை மட்டும் சொல்லவில்லை. நீங்களே கண்டுபிடியுங்கள் என்று விட்டுவிட்டார்.

மகளின் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அளந்தேன். 19 செ.மீ. அடுத்து, சிறகிலிருந்து விழுந்ததா, வாலிலிருந்து விழுந்ததா என்று பார்க்கச் சொன்னார். பறக்க உதவும் நீளமான சிறகு இறகில் தண்டு ஓர் ஓரமாக ஓடும். ஒரு பக்கம் ஒல்லியாகவும் மறுபக்கம் அகலமாகவும் இருக்கும். வாலின் நடு இறகில் தண்டு ஏறக்குறைய மையத்தில் போகும். என்னுடையதில் தண்டு நடுவில்தான் இருந்தது. நுனி உருண்டை. ஆக, வால் இறகு.

அங்கேயே வல்லூறு ஆட்டம் கண்டது. அது புறா அளவுப் பறவை. அதன் வாலே அவ்வளவு நீளம் வராது. நிறமும் ஒத்துவரவில்லை. வல்லூறின் வால் சாம்பல் நிறம், அதில் கறுப்புப் பட்டைகள். என்னிடம் இருந்தது அதற்கு நேர்மாறு: கறுத்த இறகில் வெள்ளைப் பட்டை.

சரி, ஆந்தையாக இருக்குமோ? எங்கள் பக்கம் புளியமரப் பொந்துகளில் புள்ளி ஆந்தை உண்டு. ஆனால் அந்த ஆந்தையே மொத்தம் 21 செ.மீ.தான். வால் மட்டும் 19 இருந்தால் ஆந்தைக்கு உடம்பு எங்கே? பெரிய ஆந்தையாகவும் இருக்க முடியாது. ஆந்தை இறகின் மேல்பரப்பு வெல்வெட் மாதிரி இருக்கும், சத்தமில்லாமல் பறப்பதற்கு. இது வழவழவென்று, வெயிலில் சாய்த்துப் பிடித்தால் லேசாகப் பச்சை மினுங்கியது.

இந்தியப் பறவைகளின் இறகுகளுக்கென்றே இணையத்தில் ஒரு நூலகம் இருக்கிறது. ஒவ்வொரு பறவையின் சிறகையும் வாலையும் விரித்துவைத்துப் படமெடுத்திருக்கிறார்கள். பருந்து, ஆந்தை, செண்பகம் என்று ஒன்றொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து, குயில் பக்கத்தில் நின்றேன். அதே பழுப்பு, அதே வெள்ளைப் பட்டை. பெண்குயில்.

கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. பின்வீட்டு வேப்பமரத்தில் விடியற்காலை நாலரைக்கே கூவி எழுப்புகிற குயிலை வருஷக்கணக்காகத் திட்டுகிறேன். கூவுகிற அந்தக் கறுப்புப் பறவை ஆண். பாடுகிற பெண்ணைக் குயில் என்று நாம் புகழ்ந்தாலும், பெண்குயில் கூவுவதில்லை. ‘கிக் கிக் கிக்’ என்று கத்தும். உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியும் வரியுமாக, ஆணோடு சம்பந்தமே இல்லாத தோற்றம். அம்மாவிடம் இறகைக் காட்டினேன். “பொட்டைக் குயில்டா. இதுக்கா மூணு நாளா போனைப் பாத்துக்கிட்டு இருந்தே?” என்றார்.

படம் எடுத்ததும் இறகைத் தொட்டியடியிலேயே போட்டுவிட்டேன். இரண்டு வாரம் கழித்து அந்தக் ‘கிக் கிக்’ கேட்டு மாடிக்கு ஓடினேன். வேப்பங்கிளையில் உட்கார்ந்திருந்தது, சிவந்த கண்ணோடு. குயிலுக்கு வாலில் மொத்தம் 10 இறகு. ஒன்று குறைகிறதா என்று எண்ணப் பார்த்தேன். அதற்குள் இரண்டு காக்கைகள் வந்து துரத்திவிட்டன.