லியோனில் கூடுதலாகச் சில நாட்கள்

அலுவலக வேலை வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிடும் என்று தெரிந்ததுமே திரும்பும் டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுவிட்டேன். நண்பர்கள் எல்லோரும் ஒரே குரலில், "பாரிஸ் போய்விடு, அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம்தானே" என்றார்கள். ஐஃபில் கோபுரத்து வரிசையில் கால் கடுக்க நிற்க எனக்கு விருப்பமில்லை. ரோன், சோன் என்ற இரண்டு ஆறுகள் கூடும் லியோனிலேயே தங்கி, அக்கம்பக்கத்தைப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

பிரான்சில் திட்டம் போடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கிழமையை. பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள்கிழமை விடுமுறை. அதனால் திங்களை வியென் என்ற சிற்றூருக்கு ஒதுக்கினேன். ரயிலில் அரை மணி நேரம். அங்கே ரோமப் பேரரசர் அகஸ்டஸ், அவர் மனைவி லிவியா பெயரிலான ரோமானியக் கோயில் சதுக்கத்தின் நடுவே நிற்கிறது. பார்க்க டிக்கெட்டும் வேண்டாம், நேரமும் பார்க்க வேண்டாம். பிற்காலத்தில் தேவாலயமாக மாற்றியதால்தான் அது இடிபடாமல் தப்பியது.

சனிக்கிழமை முழுவதும் குருவா-ரூஸ் மேட்டுக்கு. பட்டு நெசவாளர்கள் வாழ்ந்த பகுதி இது. தறிகள் அவ்வளவு உயரம் என்பதால், வீடுகளின் கூரையையும் நான்கு மீட்டர் அளவுக்கு உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். ஜக்கார்டு இந்த ஊர்க்காரர். துளையிட்ட அட்டைகளைக் கொண்டு தறியில் பூவேலை நெய்யும் கருவியை 1804-இல் உருவாக்கியவர். சதுக்கத்தில் அவருக்குச் சிலை உண்டு. நெசவாளர் அருங்காட்சியகத்தில் தறியை ஓட்டிக் காட்டுகிறார்கள். தலைக்கு மேல் துளையிட்ட அட்டைகள் மாலைபோல் கோத்துத் தொங்குகின்றன. மிதியை அழுத்தினால் ஓர் அட்டை நகர்கிறது. துளை இருக்கும் இடத்தில் கொக்கி உயர்ந்து பாவு நூலைத் தூக்குகிறது, துளை இல்லாத இடத்தில் நூல் அப்படியே கிடக்கிறது. காஞ்சிபுரத்தில் தறிக்கூடத்துக்குள் போனவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது. அங்கே சேலைக் கரையில் மயிலும் அன்னமும் வருவது இதே அட்டைகளால்தான்.

1831-இல் கூலி கேட்டு இந்த நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அடக்க ராணுவம் வந்தது. வீடுகளுக்குள் புகுந்து அடுத்த தெருவில் வெளிவரும் 'திராபூல்' என்ற நடைவழிகள் இங்கே இன்றும் இருக்கின்றன. சிலவற்றில் பொதுமக்கள் நுழையலாம். ஆனால் மேலே குடித்தனங்கள் இருக்கின்றன, சத்தம் போடாமல் நடப்பதே மரியாதை.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை: 'பூஷோன்' எனப்படும் பழைய உணவகங்களில் குடலும் பன்றியும்தான் ராஜா. குடல் கறி தின்று வளர்ந்த எனக்குக் குறை ஒன்றுமில்லை. சைவர்கள் முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போவது நல்லது.

ஆன்னசி ஏரியையும் பட்டியலில் எழுதியிருந்தேன். அழகான இடம், மறுக்கவில்லை. ஆனால் அந்த நாளை ஓத்ரீவ் என்ற கிராமத்துக்குக் கொடுத்துவிட்டேன். ஃபெர்டினாண்ட் ஷெவால் அந்த ஊர்த் தபால்காரர். 1879-இல் வழியில் ஒரு கல் தடுக்கியது. அதன் வடிவம் பிடித்துப்போய், கற்களைப் பொறுக்கிச் சேர்த்து, 33 ஆண்டுகள் தனியாளாக ஓர் அரண்மனையையே எழுப்பிவிட்டார். கட்டடக் கலை படித்தவரில்லை. அஞ்சலட்டைகளிலும் படப் பத்திரிகைகளிலும் பார்த்ததுதான் பாடம். மேற்குச் சுவரில் மசூதி, சுவிஸ் மரவீடு, இவற்றோடு ஓர் இந்துக் கோயிலும் இருக்கிறது! நம் ஊர் ஸ்தபதி பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். எனக்கோ அந்தச் சுவரை விட்டு நகர மனம் வரவில்லை. அரண்மனைக்குள்ளேயே தன்னைப் புதைக்க அனுமதி கிடைக்காததால், ஊர்க் கல்லறையில் தனக்கான சமாதியையும் அவரே கட்டிக்கொண்டார். அதையும் நடந்து போய்ப் பார்த்துவிடலாம்.

ஓத்ரீவுக்கு நேரடி ரயில் கிடையாது. சேன்-வாலியே வரை ரயிலில் போய், அங்கிருந்து பஸ்ஸோ டாக்ஸியோ பிடிக்க வேண்டும். திரும்பும் பஸ் நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.