ஆம்ஹெர்ஸ்ட் வாங்குறீங்களா? காலைப் பாருங்க

லேடி ஆம்ஹெர்ஸ்ட் ஃபெசன்ட்ங்கிற நீள வால் அழகுப் பறவை ஜோடிக்காக கொளத்தூர்ல ஆரம்பிச்சு பல்லாவரம் சந்தை வரைக்கும் அலையுறவங்களே, வால் நீளத்தைப் பார்த்து மயங்கிடாதீங்க. முதல்ல காலைப் பாருங்க. சுத்தமான ஆம்ஹெர்ஸ்டுக்கு அது நீலம் கலந்த சாம்பல். மஞ்சள் தட்டினா அதோட சொந்தக்கார இனமான கோல்டன் ஃபெசன்ட் ரத்தம் கலந்திருக்குன்னு சந்தேகப்படலாம். சேவலுக்கு வயிறு பளிச்சுனு வெள்ளையா இருக்கணும். போன வாரம் ஒருத்தர் காட்டின சேவலுக்கு நெஞ்சுக்குக் கீழே, சாயம் ஏறின வேட்டி மாதிரி திட்டுத் திட்டா சிவப்பு. "ரேர் கலர் சார்"னு விலை வேற கூட!

ஆம்ஹெர்ஸ்ட், கோல்டன் ரெண்டும் ஒரே பேரினம். அதனால கலப்புக் குஞ்சும் வளர்ந்து இனப்பெருக்கம் பண்ணும், கலப்பு தலைமுறை தலைமுறையா ஓடும். பெட்டைங்கதான் பெரிய தலைவலி. ரெண்டு இனத்துலயும் பழுப்புல பட்டை பட்டையா, கிட்டத்தட்ட ஒண்ணு போலவே இருக்கும். சேவலுக்கே முழு நிறம் வர ரெண்டாவது வருஷம் ஆகிடும். அதனால குஞ்சு வாங்கும்போது தாய் தகப்பனைக் காட்டச் சொல்லுங்க. ரெண்டு இனத்தையும் ஒரே கூண்டுல விடுறவர்கிட்ட வாங்கவே வாங்காதீங்க.

ஏற்கெனவே வீட்ல கலப்பு இருந்தா, பாவம், அது என்ன பண்ணும்? நல்லா வளர்த்துக்கோங்க. ஜோடி மட்டும் சேர்க்காதீங்க, முட்டை வெச்சா அடைக்கு விடாதீங்க.