அக்டோபர் மழையில் திறந்த பெட்டி

பினாங்குத் தீவின் பாலிக் புலாவில் எங்கள் வீட்டுப் பின்புறம் ஒரு ஜாதிக்காய் மரமும் இரண்டு ரம்புத்தானும் இருக்கின்றன. போன வருஷம் ஜூன் மாதம் ஜாதிக்காய் நிழலில் கெலுலுட் தேனீக் கூடு உள்ள ஒரு மரக்கட்டையைக் கொண்டுவந்து நிறுத்தினேன். தமிழில் கொசுத்தேனீ என்கிறோமே, அதே வகைதான். கொட்டாது. உடம்பு கருப்பு, அரிசி மணியை விடக் கொஞ்சம் சிறிசு.

விற்றவர் பட்டப்பகலில் வண்டியேற்றி அனுப்பிவிட்டார். பூவுக்குப் போயிருந்த தேனீக்கள் பழைய இடத்துக்குத் திரும்பி வந்து தவித்திருக்கும். இருட்டின பிறகு எல்லாம் உள்ளே அடங்கியதும் வாசலை வலைத்துணியால் மூடித்தான் கட்டையை நகர்த்த வேண்டும் என்பது, எங்கள் பக்கத்துத் தேனீ வளர்ப்போர் குழுவில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

குழு என்றால் பத்துப் பன்னிரண்டு பேர். மாதத்தின் முதல் ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். அந்த வீட்டுப் பெட்டிகளைப் பார்ப்போம், பிறகு தேத்தண்ணி. தேன் உறிஞ்சும் பம்பு பொதுவில் ஒன்றுதான், முறை வைத்து வாங்கிக்கொள்வோம். கெடா பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய பெரியவர் ஒருவர் வருவார். ரப்பர் மரம் இலை உதிர்த்துத் தளிர் விடும்போது, மூன்று இலைகளும் காம்போடு சேரும் இடத்தில் இனிப்பு கசியும், ஈக்கள் அதற்குத்தான் மொய்க்கும் என்று அவர் சொன்ன அன்று எல்லோரும் வாய் மூடிக் கேட்டோம். பூவில்லாமல் இலையிலிருந்து தேன்! இத்தனை தலைமுறை அந்த மரத்தடியில் வாழ்ந்த நம் பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டாமா?

அக்டோபரில்தான் தப்பு செய்தேன். பினாங்கில் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை மழை அதிகம். தேன் சேர்ந்திருக்குமோ என்ற ஆசையில், தூறல் விட்ட ஒரு மாலை தேனுக்காகக் கட்டைமேல் வைத்திருந்த பெட்டியின் மூடியைத் தூக்கினேன். மெழுகும் பிசினும் கலந்து கட்டிய தேன்குடங்கள், திராட்சைக் குலை மாதிரி. கத்தி பட்டு நாலைந்து உடைந்தன. வழிந்த தேன் கீழே முட்டை அடுக்குகளில் இறங்கியது. பயந்துபோய் மூடியை அவசரமாக வைத்தேன். ஓரத்தில் இடுக்கு விட்டதைக் கவனிக்கவில்லை.

ஆறாம் நாள் புளித்த நாற்றம். உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. முதுகு கூனிய ஒரு சின்ன ஈ, ஃபோரிட் என்பார்கள், சிந்திய தேன் வாசத்துக்கு வந்து முட்டையிட்டிருந்தது. குழுவில் மூத்தவரான அண்ணனுக்குப் போன் போட்டேன். மறுநாள் காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார்.

"தங்கச்சி, மழையில அது சேத்து வைக்கிறது அதோட சாப்பாடும்மா. நமக்கில்ல."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு ஒரு மணி நேரம் பேச்சே இல்லை. கரண்டியால் நனைந்த அடுக்குகளை வழித்தெடுத்தோம், புழு இருந்த குடங்களை அப்புறப்படுத்தினோம், இடுக்குகளை டேப்பால் ஒட்டினோம். சிறு டப்பா மூடியில் ஊசித்துளை போட்டு, உள்ளே வினிகர் ஊற்றி, பெட்டி மூலையில் வைத்தார். கூனி ஈ அந்தத் துளையில் நுழைந்துவிடும், தேனீ நுழையாது. கடைசியில் விரலை நீட்டிக் காட்டினார். ராணி! பறக்க முடியாத கனத்த வயிறு, வெளிர் பழுப்பு நிறம், அடுக்கின் விளிம்பில் மெல்ல இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

டிசம்பர் வரை சின்னத் தட்டில் சர்க்கரைத் தண்ணீர் வைத்தேன், தேனீ மூழ்காமல் இருக்கக் குச்சி போட்டு. கட்டை நிற்கும் பலகையின் கால் நான்கையும் எண்ணெய்க் கிண்ணத்தில் நிறுத்தினேன், எறும்புக்காக. வேலியில் ஆயர் மாத்தா பெங்கந்தின் கொடியும் படரவிட்டேன். மலாயில் 'மணப்பெண் கண்ணீர்' என்று அர்த்தம். அந்த இளஞ்சிவப்புப் பூவென்றால் கெலுலுட்டுக்கு உயிர்.

வெயில் பிடித்த பிப்ரவரியில் பம்பு முறை எனக்கு வந்தது. ஓரக் குடங்களை மட்டும் துளைத்து உறிஞ்சினேன், நடுவில் இருந்ததைத் தொடவில்லை. முதல் அறுவடை ஒரு ஜாம் பாட்டில். புளிப்பும் இனிப்புமாய் நாக்கில் சுர்ரென்றது. சாதாரணத் தேனை விட இதில் நீர் அதிகம். 2017இல் வந்த மலேசியத் தர விதி 35 விழுக்காடு வரை அனுமதிக்கிறது. அதனால் வெளியே வைத்தால் நுரைத்துவிடும், குளிர்பெட்டியில்தான் வைக்க வேண்டும். இந்தத் தேனில் டிரெஹலுலோஸ் என்ற அபூர்வச் சர்க்கரை நிறைய இருப்பதை 2020இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அதை வைத்து மருந்து என்று விற்பவர்களை எனக்குப் பிடிக்காது. சாப்பாடாகவே அது அருமையானது.

இப்போது மறுபடி அக்டோபர். மூடியைத் திறக்கவில்லை. காலையில் கூட்டின் வாசல் குழாய்க்கு எதிரே ஒரு முக்காலி போட்டு உட்காருகிறேன். மழை விட்ட பத்து நிமிஷத்தில், பின்காலில் மஞ்சள் மகரந்த உருண்டையோடு முதல் தேனீ வந்து இறங்குகிறது.