படிக்கட்டுக்குக் கீழே பல்லி வேட்டை: சிவப்பு விளக்கு ஒருவழியாகச் சரியானது

மூன்று வாரம் போக்குக் காட்டிய ‘முளைவால்’ பல்லி நேற்று இரவு ஒரு முழ தூரத்தில், என்னைச் சட்டையே செய்யாமல் வேட்டையாடியது! அறுந்து மறுபடி வளர்ந்த வால் முள் வரிசை இல்லாமல் வழவழவென்று இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர்.

ட்யூப்லைட்டடியில் காத்துக் கிடக்கும் பல்லிகளை யாரும் பார்க்கலாம். எனக்கு வேண்டியது இருட்டில் இரை தேடுபவை. டார்ச் பட்டாலே மீட்டர் பெட்டிக்குப் பின்னால் ஓடிவிடும். சிவப்புச் செல்லோபேன் தாளை நான்கு மடிப்பு வரை சுற்றிப் பார்த்தேன். ஓரத்தில் கசிந்த ஒரு கீற்று வெள்ளையே காரியத்தைக் கெடுத்துவிட்டது. இரவுப் பல்லியின் கண் லேசுப்பட்டதல்ல. மேற்குச் சஹாராக் கரையோரப் பல்லி ஒன்று மங்கிய நிலவொளியிலும் நிறம் பிரித்தறியும். அந்த மாதிரி மங்கிய வெளிச்சத்தில் அதன் கண்ணுக்கு நம் நிறப் பார்வையைப் போல 350 மடங்கு ஒளியுணர்வு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் பல்லிக் கண்ணில் இருப்பவை புற ஊதா, நீலம், பச்சை ஆகியவற்றை வாங்கும் செல்கள்தான். அடர் சிவப்பு அதற்கு இருட்டு மாதிரி.

ஆகவே செடி வளர்ப்புக்கு விற்கும், 660 நானோமீட்டர் அலைநீள அடர் சிவப்பு எல்இடி. முதலில் ஒரு கடையில் 660 என்று சொல்லிச் சாதாரணச் சிவப்பைக் கொடுத்துவிட்டார்கள், பத்து நாள் வீண். அப்புறம் சென்னை ரிச்சி தெருவில் வாங்கியது அசல். எரியும்போதே கருஞ்சிவப்பாக, மங்கலாகத் தெரியும். அதுதான் அடையாளம். வெளிச்சம் போதவில்லையே என்று கரண்ட்டை ஏற்றாதீர்கள், கிட்டே போங்கள்.

நேற்று சுவரில் ஒரு கரப்பான் குஞ்சு. முளைவால் இரண்டடி வைத்தது, நின்றது. வால் நுனி மட்டும் புழுப்போல மெல்ல நெளிந்தது. பதினோரு நிமிடம் அப்படியே. குஞ்சு மீசையை அசைத்ததும் ஒரே பாய்ச்சல். வாயில் கவ்வியதைச் சுவரில் இரண்டு முறை அடித்து விழுங்கிவிட்டு, நாக்கை நீட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

வீடியோ இன்னும் தேறவில்லை. போனில் எல்லாம் புள்ளி புள்ளியாக வருகிறது. அதற்குள் வாசல் வேப்பமரத்து மரப்பல்லி மேல் ஆசை வந்துவிட்டது. அடுத்த மழைக்கு ஈசல் கிளம்புமுன் இன்னும் இரண்டு எல்இடி பற்றவைத்துவிட வேண்டும்.